நம் வாசல் குழாய்

மந்தாரக்குப்பம்
ஞாயிறு

அன்பு மாமாவுக்கு,

மஸ்கட்டில் வெயில் கொஞ்சம் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். போனில் பேசும்போதெல்லாம் அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதி, அங்கே வேலைக்குக் கிளம்பும் சிங்காரவேலு அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அத்தையிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பல்கலைக்கழகத்திலிருந்து மருத்துவக் குழு வருவதைச் சொன்னேன் இல்லையா? மாதா மாதம் சமுதாயக் கூடத்தில் முகாம். டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்குப் போக நாம் என்ன சுரங்கத்தில் பெர்மனென்ட்டா? நம் தெருவுக்கு அதுதான் ஆஸ்பத்திரி. வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூட்டி வர என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஷிப்ட் முடிந்து வரும் கான்ட்ராக்ட் ஆட்கள் ஊசியைக் கண்டால் ஓடுவார்கள். கேலி பேசியே உட்கார வைத்தேன். சர்க்கரை, பிரஷர் பார்ப்பார்கள், மாத்திரை கொடுப்பார்கள், அவ்வளவுதான் என்றிருந்தேன்.

போன முகாமில், குழுவோடு வரும் உமாராணி டாக்டர் யாரிடமும் சிரித்துப் பேசவில்லை. எதிர்வீட்டு நாகம்மாள் அக்காவுக்குக் கால் வீங்கியிருந்தது. கல்யாண மண்டபத்தில் நின்றே சமைப்பதால் என்று நினைத்தோம். சிறுநீரகம் கெட்டிருக்கிறதாம். இன்னும் சிலருக்கும் அப்படியே, வலி ஒன்றும் இல்லாமல். எல்லாரும் நம் தெரு. பக்கத்துத் தெருவில் ஒருவருக்கும் இல்லை. குடிதண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

நீங்கள் அனுப்பிய பணத்தில் ஆழமாகப் போர் போட்டு, தெரு முழுக்கச் சும்மா பிடித்துக்கொள்ளட்டும் என்று வாசலில் குழாய் வைத்தோமே, அந்தத் தண்ணீர்தான். உங்கள் பேரை வைத்து 'அன்புச்செல்வன் குழாய்' என்றுதானே சொல்வார்கள்.

அன்று சாயங்காலம் சோதனைக்குத் தண்ணீர் எடுக்கப் பாட்டிலோடு வந்த மருத்துவ மாணவர்களை அத்தை வாசலிலேயே மறித்தார்கள். "எம்புள்ள புண்ணியத்துக்கு வுட்ட தண்ணி. அதுல குத்தம் கண்டுபுடிக்க வந்துகினு இருக்கீங்களா?" என்று கத்தினார்கள். வீட்டுக்காரர்கள் சம்மதம் இல்லாமல் எடுக்க மாட்டோம் என்று கூட வந்த டாக்டர் திரும்பி நடந்தார். நான்தான் கூப்பிட்டு, மோட்டாரைப் போட்டு, பாட்டிலை நிரப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அத்தை என்னோடு பேசுவதில்லை.

சோதனை முடிவு வந்துவிட்டது, தண்ணீரில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு இருக்கிறதாம். யாரும் கலக்கவில்லையாம், அடி ஆழத்திலேயே இருக்கிறதாம். காய்ச்சினாலும் போகாதாம். ஒவ்வொரு வீட்டிலும் நானே போய்ச் சொன்னேன். குழாயைக் கழற்றிவிட்டேன். நாகம்மாள் அக்கா வீட்டுக்காரர் மட்டும், "எங்க வூட்டு வாசப்படி இனிமே ஏறாதம்மா" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். பல்கலைக்கழகக்காரர்கள் அலைந்து லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வரிசையில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடுகிறது. நேற்றுக் காலையில் கதவைத் திறந்தால், இத்தனை நாள் நம் தண்ணீர் பிடித்த குடங்களை நம் வாசலில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். யார் யாருடையது என்று பார்த்ததுமே தெரிந்தது.

நம் பாப்பாவைப் பற்றி எழுதாமல் முடித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். காலையில் எழுந்தால் தமிழ்நிலாவுக்குக் கண் இரண்டும் உப்பியிருக்கும். வீடியோவில் பார்த்து நீங்களும், "பணியாரம் மாதிரி இருக்கா" என்று சிரித்தீர்கள். அவளையும் சோதித்தோம், அவளுக்கும் சிறுநீரகம்தான். வருகிற வாரம் புதுச்சேரி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டரே கூட வருகிறேன் என்கிறார். அவர் எல்லாரோடும் போவதில்லை. என் ரத்த வகையைக் கேட்டுக்கொண்டார். உங்களுடையதையும் கேட்டார். தெரியாது என்றேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அங்கே ஒரு நல்ல இடத்தில் உங்கள் ரத்த வகையைப் பார்த்துச் சொல்லுங்கள். லீவுக்கும் எழுதிக் கொடுத்து வையுங்கள். பாப்பா பள்ளிக்கூடம் போய்க்கொண்டுதான் இருக்கிறாள், விளையாடவும் செய்கிறாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், மாமா. நல்ல தண்ணீராகக் குடியுங்கள். ஓவர்டைம் வேண்டாம். உங்கள் உடம்புக்கு ஒரு சின்னக் குறையும் வரக் கூடாது என்று தினமும் விளக்கேற்றிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்
வெண்மதி