மெயின் ரோடுவரை காலாற நடக்கிறவள்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று அடுத்த வரி வர வேண்டும், எத்தனை வருஷமாக எழுதுகிறேன், பேனா தானாகவே எழுதிவிடும். இந்தத் தடவை அந்த வரி கிடையாது. பேனா பிடிக்கக் கையும் கிடையாது, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நான் சொல்வதை மட்டும் எழுது, உன் சொந்தச் சரக்கை நடுவில் சொருகாதே என்று சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறேன். (சரி என்றுதான் தலையாட்டினேன். அடைப்புக்குறி போடமாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை. வெளியே இருப்பது அம்மா, உள்ளே இருப்பது நான். குழம்பிக்கொள்ளாதே அண்ணா.)

கட்டு எப்படி வந்தது என்று கேட்பாய். பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடி விழுந்தேன். இந்த வயசில் உனக்கு ஓட்டம் எதற்கு என்று அடுத்துக் கேட்பாய். நம் குடியிருப்புக்குள் வந்து தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித் திரும்பிப் போகுமே ஒரு பஸ், நீ தூங்கி வழிந்துகொண்டே ஏறிப் பள்ளிக்கூடம் போன பஸ், அது இப்போது உள்ளே வருவதில்லை. மெயின் ரோட்டோடு நேராகப் போய்விடுகிறது. மெயின் ரோட்டுக்குப் போகிற வழியும் நீ பார்த்த வழி இல்லையப்பா. அகலப்படுத்துகிறோம் என்று நடைபாதையைத் தின்றுவிட்டார்கள், ஒரு பக்கம் மூடாத சாக்கடை, ஒரு பக்கம் ஹாரன் அடித்துக்கொண்டு தண்ணி லாரி, நடுவில் நாங்கள். மழை பெய்தால் எது ரோடு எது சாக்கடை என்று முதலில் விழுகிறவர்தான் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். புது ஸ்டாப் மேம்பாலத்தின் காலடியில் இருக்கிறது. கூரை இல்லை, உட்கார ஒரு கல் இல்லை, ஒரு கம்பம், அதில் ஒரு போர்டு. பாலத்தில் ஏறுகிற வேகத்திலேயே வருவதால் டிரைவருக்கு அங்கே நிறுத்த மனசு வராது, தாண்டிப் போய் நிறுத்துவார், இல்லாவிட்டால் நிறுத்தவே மாட்டார். நிற்கிற கூட்டம் மொத்தமும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும். அப்படி ஓடித்தான் விழுந்தேன். பஸ்ஸில் இருந்தவர்கள் ஐயோ என்றார்கள், பஸ் மட்டும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டது. போனில் பஸ் வருவதைக் காட்டுகிற ஆப் ஒன்று உன் தங்கை போட்டுக் கொடுத்திருக்கிறாள். சின்னப் பொம்மை பஸ் ஊர்ந்து ஊர்ந்து வரும், நாம் நிற்கிற இடத்தைத் தொடும், மாயமாகிவிடும். நிமிர்ந்து பார்த்தால் ரோடு காலி. (அதற்கு நான் வைத்திருக்கிற பெயர் 'போன பஸ்'. போனில் வரும், போய்விடும்.)

ஏறிவிட்டாலும் நான் வேலை பார்க்கிற சலவைக்கூடம் வந்துவிடாது. பெரிய சந்திப்பில் இறங்கி, படி ஏறி அந்தப் பக்கம் இறங்கி, இன்னொரு பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். அது வராவிட்டால் ஷேர் ஆட்டோ. ஆள் நிறையாமல் அவன் கிளம்பமாட்டான், நிறைந்தாலும் கிளம்பமாட்டான், இன்னும் ஒரே ஒரு ஆள்தான், அக்கா கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்க என்பான். இதற்கு மேல் உள்ளே என்றால் இன்ஜினுக்குள்தான் உட்கார வேண்டும். உன் அப்பா ஸ்கூட்டர் இருந்தவரைக்கும் அவசரத்துக்குக் கொண்டுபோய் விடுவார். அதை விற்கச் சொன்னதே நீதான், அப்பாவுக்குக் கண் சரியில்லை, பஸ்தான் வாசலுக்கே வருதே, வண்டி எதுக்கு என்று சொன்னாய். நல்லதுக்குத்தான் சொல்கிறான் என்று விற்றோம். வாசலுக்கு வந்த பஸ்ஸும் போயிற்று, வாசலில் நின்ற ஸ்கூட்டரும் போயிற்று, வாசல் மட்டும் இருக்கிறது.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் மறந்துவிட்டாயோ என்று எனக்குச் சந்தேகம். ஆஸ்பத்திரிக்கும் ஓட்டலுக்கும் போகிற படுக்கை விரிப்புகளை மடிக்கிற மேஜையில் நிற்கிறேன். மிஷினிலிருந்து சூடாக வருகிற விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது, ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து சேர்க்க வேண்டும். நானும் என் ஜோடியும் பேசாமலே செய்வோம், அவள் தோள் அசைவதை வைத்தே எனக்குக் கை எழும்பும். நான் தாமதமாகப் போன நாளெல்லாம் அவள் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரில் ஆள் இல்லாமல் நின்றிருக்கிறாள், பின்னால் விரிப்பு குவிந்துகொண்டே போகும், திட்டு அவளுக்கு. கடைசியில் சூப்பர்வைசர் கூப்பிட்டு, நல்லவிதமாகத்தான் சொன்னார், அக்கா, உங்களுக்கு வழி தூரமாகிப் போச்சு, மேஜைக்கு, இங்கே பக்கத்திலேயே வீடு இருக்கிற ஆளாகப் பார்த்துக்கறேன், நீங்க கீழே வாங்க என்றார். கீழே என்றால் அழுக்கு பிரிக்கிற அறை. ஆஸ்பத்திரி விரிப்பில் என்னென்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று நீ சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிக்கலாம் என்பதால் சொல்லவில்லை. கட்டுப் பிரித்த பிறகு நேரத்துக்கு வந்து காட்டினால் மறுபடி மேஜை, இல்லையென்றால் கீழேதான் நிரந்தரம் என்று சொல்லிவிட்டார். நேரத்துக்குப் போவது என் கையிலா இருக்கிறது, கையும் கட்டில் இருக்கிறது.

இதெல்லாம் இந்த ஊரில் எல்லோருக்கும் நடக்கிறதுதான் என்று நானும் முதலில் நினைத்தேன். பஸ் வழிக்குப் புதுக் கோடு போட்டவன் எவனோ, ஏசி ரூமில் உட்கார்ந்து ஸ்கேலை வைத்து இழுத்துவிட்டான், அவன் அம்மாவை ஒரு நாள் இந்த வழியில் நடக்கவிட்டால் தெரியும் என்று நான்தான் உரக்கத் திட்டினேன். (உரக்க என்றால் மூணாவது மாடி வரைக்கும்.) வீடு வீடாகப் படி ஏறி ஆள் சேர்த்தேன். உன் தங்கை தன் பங்குக்குப் பழைய ஸ்டாப்பில், 'இங்கே நின்றால் பஸ் வராது, வயசு வரும்' என்று பெரிதாக எழுதி ஒட்டிவிட்டாள். ஊரே சிரித்தது. அதைக் கிழித்துக்கொண்டு போக அன்றைக்கே போக்குவரத்து ஆபீஸ் ஜீப் வந்தது. (எத்தனை மனு போட்டும் வராத வண்டி. அடுத்து ஒட்டும்போது அம்மாவைப் பையோடு நிற்க வைத்து, கிழிக்க வருகிற ஜீப்பிலேயே ஏற்றிவிடலாம் என்றிருக்கிறேன்.) கடைசியில் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போடச் சம்மதித்தார்கள். ஹால் நிறைந்து ஜன்னலிலும் ஆள். எனக்கு அவ்வளவு பெருமை, நான் கூப்பிட்டு வந்த கூட்டமல்லவா.

அந்த அதிகாரி நல்ல மரியாதையான மனுஷன்தான். திரையில் ஒரு வரைபடம் காட்டினார், பழைய வழி நூல் சிக்கல் மாதிரி, புது வழி கம்பி மாதிரி. நம் குடியிருப்பு அந்தக் கம்பிக்கு வெளியே ஒரு புள்ளி. எல்லோரும் சத்தம் போட்டதும் அவர் கையைத் தூக்கி அமர்த்திவிட்டு, நீங்க நினைக்கிற மாதிரி ஊர் தெரியாதவங்க போட்ட வழி இல்லைங்க இது, இதைத் தயாரிச்ச தம்பி இங்கேயே பிறந்து வளர்ந்தவர், வெளிநாட்டுக் கம்பெனியில் இருக்கார், அவங்க அம்மா இன்னும் இங்கேதான் இருக்காங்க, மெயின் ரோடுவரைக்கும் நடக்கறது ஒரு கஷ்டமே இல்லை, காலாற நடந்த மாதிரியும் ஆச்சு, காத்து வாங்கின மாதிரியும் ஆச்சுன்னு அந்த அம்மாவே சொல்லியிருக்காங்க, அந்த வயசுக்காரங்களே நடக்கும்போது மத்தவங்களுக்கு என்ன என்று கேட்டார். காலாற, காத்து வாங்கின மாதிரி. என் வாய்ச்சொல் என் முன்னாலேயே மைக்கில் வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூணாவது மாடி டீச்சர் என் தொடையைத் தட்டி, எவளோ ஒருத்தி மகனுக்குத் தாளம் போட்டு நம்ம எல்லார் காலையும் வாரிவிட்டிருக்கா பாருங்க என்றார். நான் ஆமாம் என்றேன். பெரியவனே, நான் ஆமாம் என்றேன். (அப்போது நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். இதில் ஜோக் எதுவும் இல்லை.)

நீ என்றைக்குக் கேட்டாய் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு பஸ் பழுதாகி வரவில்லை, மெயின் ரோட்டுக்குப் போக வர நடந்திருந்தேன், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் வாளியில் உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உன் போன் வந்தது. நடந்தேன் என்று சொன்னதும், கஷ்டமா இருந்ததாம்மா என்று கேட்டாய். தினமும் நடக்கணும்னா முடியுமாம்மா என்று மறுபடியும் கேட்டாய். எப்போதும் சாப்டியா, அப்பா எப்படி என்று கேட்டுவிட்டு வைக்கிற பிள்ளை என் காலைப் பற்றி இரண்டு தடவை கேட்கிறானே என்று எனக்கு மனசு அப்படியே குளிர்ந்துவிட்டது. வெந்நீர் ஆறியதுகூடத் தெரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் காலாற, காத்து வாங்கின மாதிரி என்று அளந்துவிட்டேன். போனை வைத்த பிறகு, அண்ணன் கேட்டான் பார், அவனுக்கு அம்மா கால்மேல் எவ்வளவு அக்கறை என்று இவளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். நீ கேட்டது அம்மா காலை இல்லையப்பா, ஆபீஸ் கணக்குக்கு ஓர் ஆளை. எந்த ஊருக்கோ பஸ் வழி போட்டுக் கொடுக்கிறாய் என்றுதான் நான் அப்பாவிடமும் இவளிடமும் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். நம் ஊர் என்று ஒரு வார்த்தை நீ சொல்லவில்லை.

உன் அப்பா உனக்காகப் பரிந்து பேசுகிறார். அம்மா சொன்னதை அவன் நம்பினான், அது ஒரு தப்பா என்கிறார். அங்கேதான் எனக்குத் தாங்கவில்லை. வெளியாள் நம்பினால் தப்பில்லை. நீ இந்த வீட்டில் வளர்ந்தவன். காய்ச்சலில் படுத்திருக்கும்போது லேசாக உடம்பு சூடு என்பேன், அடுப்பில் சுட்டுக்கொண்டால் ஒன்றும் இல்லை என்பேன், நீ சின்னப் பையனாக இருந்தபோதே, அம்மா ஒன்றும் இல்லைன்னு சொல்றாங்க, மருந்து எடுத்துட்டு வாங்கப்பா என்று ஓடுவாய். தூரத்தில் இருக்கிற பிள்ளை கவலைப்படக் கூடாதென்று எந்த அம்மா உண்மை சொல்லியிருக்கிறாள், நான் மட்டும் சொல்ல. உனக்குத் தெரியாமல் இல்லை, அந்த ஒரு நாள் மட்டும் தெரியாத மாதிரி இருந்தால் உனக்கு வசதியாக இருந்தது. அதுதான் வலிக்கிறது, மணிக்கட்டெல்லாம் ஒரு வலியா. போனில் இதைச் சொல்லலாம் என்று அப்பா சொன்னார். போனில் நீ அம்மா என்று கூப்பிட்டால் நான் பரவாயில்லை விடு என்று சொல்லிவிடுவேன், அதையும் கொண்டுபோய் எங்கேயாவது கூட்டத்தில் காட்டிவிடுவார்கள். அதனால்தான் கடிதம். (நான் இரண்டு பக்கம் திட்டி எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம், அவன் படிக்கும்போது சிரித்துவிடக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார்.)

இனி நடக்கப்போவதைக் கேள். இந்த வழியையே நிரந்தரமாக்குவதா என்று முடிவெடுக்கிறதுக்கு முன்னால் அதே ஹாலில் இன்னொரு கூட்டம் இருக்கிறது, அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அந்த அதிகாரி மறுபடியும் அந்த அம்மாவைப் பற்றிச் சொல்வார். நான் எழுந்து, அந்த அம்மா நான்தான், மகன் கவலைப்படக் கூடாதென்று சொன்ன பொய் அது, அந்த வழியில் ஓடி விழுந்து உடைந்த கை இது என்று சொல்லப்போகிறேன். மூணாவது மாடி டீச்சர் பக்கத்தில்தான் இருப்பார், அவர் என்ன நினைத்தாலும் சரி. உன் பெயர் எல்லோருக்கும் தெரிந்துபோகும். உன் கம்பெனியிலும் கேட்பார்கள், உனக்குக் கெட்ட பெயர் வரலாம், அதை நினைத்து மூன்று நாளாக எனக்குத் தூக்கமில்லை, இருந்தாலும் எழுந்திருப்பேன். என் மேஜைக்காக மட்டும் இல்லை, நான் சொன்ன ஒரு பேச்சால் இத்தனை பேர் அந்த லாரிக்கும் சாக்கடைக்கும் நடுவில் நடக்கிறார்கள். அதற்குள் நீயே போக்குவரத்து அலுவலகத்துக்குச் சொல்லி அந்தப் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டால் நான் உட்கார்ந்தபடி இருப்பேன், நீ என் பிள்ளை என்று அப்போதும் யாருக்கும் தெரிய வேண்டாம். வாங்கிக்கொள்ளாவிட்டாலும் உன்மேல் இருக்கிற பாசத்தில் குறை வைக்கமாட்டேன், கூட்டத்தில் பேசுகிற பேச்சிலும் குறை வைக்கமாட்டேன். எப்படியானாலும் உனக்கு முன்னாலேயே தெரிய வேண்டும் என்றுதான் இவ்வளவும். என்னைக் கேட்டபோது எதற்காகக் கேட்கிறாய் என்று நீ சொல்லவில்லை. நான் சொல்லிவிட்டேன்.

நீ நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், எடுத்த வேலையில் உனக்குத் தலை நிமிர்ந்திருக்க வேண்டும். ராத்திரி வெகுநேரம் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. முதல் ஞாயிற்றுக்கிழமை என்பதை மறந்துவிடாதே.

உன்னைப் பெற்றவள்,
அம்மா