ஒரே பெஞ்சில் மூணு பேர்

மார்ச் 3, சனி

கடும் வெயில். ரப்பர் மரமெல்லாம் இலை கொட்டி மொட்டை. பால் பாதிகூட இல்லை. ஆனாலும் துரை நல்ல மனநிலையில் இருந்தார். லீவு கேட்டேன், உடனே சரி என்றுவிட்டார். வெள்ளி, சனி, ஞாயிறு. மூணு நாள் சிங்கப்பூர்!

பாக்கியத்திடம் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். குதிப்பாள் என்று நினைத்தேன். "அப்பா வந்தா வர்றேன்" என்றாள், அவ்வளவுதான்.

அப்பா என்றால் வீராசாமி, என் மாமனார். இதே தோட்டத்தில் பால்வெட்டு. நான் கிராணி, ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். தினம் காலை பெரட்டில் ஆட்கள் வரிசையாக நிற்க, செக்ரோல் பேர்ப் பட்டியலைப் பிரித்து "வீராசாமி" என்று கூப்பிடுவது நான். "வந்தேங்கய்யா" என்பது அவர். பெண்ணைக் கட்டி ரெண்டு வருஷம் ஆகிறது, என் எதிரே இன்னும் உட்கார்ந்ததில்லை. வீட்டுக்கு வந்தால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படிக்குக் கீழேயே நிற்பார். தேத்தண்ணியும் நின்றபடியே. சைக்கிளில் வரும்போது என்னைக் கண்டால் இறங்கிவிடுவார். எத்தனை தடவை சொல்லியாச்சு. "பழகிப்போச்சுங்கய்யா" என்கிறார்.

பா. இன்னொன்றும் சொன்னாள். போகும் வழியில் மூணு பேரும் ஒரே இடத்தில் சேர்ந்து உட்கார வேண்டுமாம். "எனக்கு ஆறு மாசம் ஆச்சு. பொறக்கிற புள்ள, தாத்தான்னா வாசல்ல நிக்கிறவருன்னு நெனச்சிக்கிட்டு வளரணுமா?"

வெற்றிலை போட்டுக்கொண்டேன்.

மார்ச் 4, ஞாயிறு

குடைக்கம்பி ஒடிந்துவிட்டது. கோட்டு சலவைக்கு.

எப்படிப் போவது? எழுதிப் பார்த்தால் தெளியும்.

ரயில், ரெண்டாம் கிளாஸ். மெத்தை உண்டு, பா.வுக்கு வசதி. வீ. ஏறமாட்டார். "நான் மூணாங் கிளாஸ்ல வந்து எறங்கி, பொட்டியத் தூக்கிக்கிறேங்கய்யா" என்கிறார். பெட்டி தூக்கவா மனுஷனைக் கூப்பிட்டேன்?

வாடகை மோட்டார், குளுவாங்கிலிருந்து. டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார், முதுகைப் பார்த்துக்கொண்டே போகணும். தவிர பா.வுக்கு பெட்ரோல் வாடை ஆகாது.

பஸ். செம்மண் ரோடு, ரெண்டு இடத்தில் மாறணும். மாசமான பெண்ணைத் தூக்கித் தூக்கிப் போடும். இதை அடித்தாச்சு.

ரயில், மூணாங் கிளாஸ். கிராணி ஒருத்தன் மூணாங் கிளாஸில் போய் நான் பார்த்ததில்லை. எழுதும்போதே கை தயங்குகிறது. கௌரவம் பார்க்கிற கை.

மார்ச் 5, திங்கள்

சாயங்காலம் நல்ல மழை. ஆட்டுக்கறி வந்தது, எலும்புதான் அதிகம்.

சின்னதாக ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தேன். லாயாங் லாயாங் ஸ்டேஷனுக்கு ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு லோரி போனது. கூடமாட ஒரு ஆள் வேண்டும் என்று சாக்குச் சொல்லி வீ.யை அழைத்தேன். முன்னால் மூணு பேர் தாராளமாக உட்காரலாம். நான் தள்ளி உட்கார்ந்து இடத்தைக் காட்டினேன். மனுஷன் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பின்னால் ஷீட் மேல் ஏறிவிட்டார். நாலு மைலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார், அந்த மழையில். மலாய்க்கார டிரைவர் மாமாட்டுக்கு ஒரே சிரிப்பு. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

மார்ச் 6, செவ்வாய்

ஆபீசில் பெரிய கிராணியிடம் வாய்விட்டுவிட்டேன். "மூணாங் கிளாஸ்லயா? அப்புறம் பெரட்டுல எவன் உன்ன மதிப்பான்?" சிரித்து மழுப்பினேன். நாள் முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது. கணக்கில் ரெண்டு தப்பு.

முடிவாக, எங்கள் ரெண்டு பேருக்கும் ரெண்டாம் கிளாஸ், அவருக்கு மூணாங் கிளாஸ். பா.விடம் சொன்னேன். சண்டை போடவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்:

"ரயிலக் குத்தம் சொல்றீங்க, மோட்டாரக் குத்தம் சொல்றீங்க. அவர ஒரு நாளாச்சும் மாமான்னு கூப்பிட்டிருக்கீங்களா?"

யோசித்துப் பார்க்கிறேன். பெரட்டில் பேர் சொல்லி. வீட்டில் 'இந்தாங்க', 'கேட்டீங்களா'. ரெண்டு வருஷமாக ஒரு தடவைகூட இல்லை. அவர் உட்காரவில்லை என்று ஊரெல்லாம் குறைப்பட்டுக்கொண்டேன். உட்காரச் சொன்னது கிராணிதானே, மருமகன் இல்லையே. வெட்கமாக இருக்கிறது. பால்வெட்டுக்காரர் மகளையா என்று ஊரில் என் சொந்தக்காரர்கள் கடிதத்தையே நிறுத்திக்கொண்டபோது, என்னை நம்பித் தாயில்லாத பெண்ணைக் கொடுத்த மனுஷன்.

மார்ச் 8, வியாழன்

மூணாங் கிளாஸ். மூணு பேருக்கும். பா. முறுக்கு சுடுகிறாள்.

எடுத்துக்கொள்ள: கூஜா, போர்வை, பா.வுக்குத் தலையணை, எலுமிச்சம்பழம், தைலம், பழைய குடை.

குளிக்கும் இடத்தில் யாரும் இல்லாதபோது "மாமா" என்று சொல்லிப் பார்த்தேன். குரல் கரகரத்தது. இன்னொரு தரம் சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த பா., "என்னங்க, கூப்பிட்டீங்களா?" என்றாள். இல்லை என்றுவிட்டேன்.

மார்ச் 9, வெள்ளி. சிங்கப்பூர்

வந்து சேர்ந்தோம். பா. தூங்குகிறாள், கால் வீங்கியிருக்கிறது. மறப்பதற்குள் எழுதிவிடணும்.

காலை ரயில். நம் தோட்டத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் கூலாய்க் கோயிலுக்குப் போக அதே பெட்டியில். என்னைப் பார்த்ததும் மொத்தப் பெஞ்சும் எழுந்துவிட்டது. இது எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். மூணாங் கிளாஸில் ஏறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்த மடையன். நாலு பேர் பெஞ்சில் நாங்கள் ரெண்டு பேர், மற்றவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வீ. கதவோரம், தலையில் பெட்டி. இறக்கிக்கூட வைக்கவில்லை.

பா. ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். செடெனாக் ஸ்டேஷனும் போய்விட்டது. ஒரு தரம் வாயைத் திறந்தேன், ரயில் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. எல்லாரும் திங்கட்கிழமை என் பெரட்டில் நிற்கிறவர்கள். பெரிய கிராணி சொன்னதுதான் காதில். பா.வின் கையைப் பார்த்தேன், வயிற்றின் மேல் இருந்தது.

"மாமா, பொட்டிய எறக்கி வச்சிட்டு இப்பிடி வந்து உக்காருங்க."

கொஞ்சம் கத்திவிட்டேன் போல. ரயில் பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். பா. நகர்ந்து எங்கள் நடுவில் இடம் விட்டாள். வந்தார். பெஞ்சின் முன்விளிம்பில், பாதி உடம்பு வெளியில், உட்கார்ந்தார். "நீங்களும் உக்காருங்கப்பா" என்று மற்றவர்களையும் சொன்னேன். ரெண்டு பேர் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

கூலாயில் நம் ஆட்கள் இறங்கினார்கள். வாத்துக் கூடையோடு ஒரு சீனக் கிழவி ஏறி எதிரே உட்கார்ந்தாள். வாய் ஓயாத கிழவி. பா. வயிற்றைப் பார்த்து எத்தனை மாசம் என்று கேட்டாள். பிறகு என் கோட்டைப் பார்த்தாள், அவர் வேட்டியைப் பார்த்தாள். என் பக்கம் முகவாயை நீட்டி, இவர் உன் தவுக்கேயா என்று மலாயில் அவரிடம் கேட்டாள். முதலாளியா என்று.

முப்பது வருஷம் கைகட்டி நின்ற மனுஷன், ஆமாம் என்றுதான் சொல்லப்போகிறார் என்று நான் வெளியே பார்த்தேன்.

"புக்கான்" என்றார். இல்லை. அப்புறம் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார், தோள் என் தோளில் இடித்தது. "சாயா பூன்யா மெனந்து."

என்னுடைய மருமகன்.

என் முகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்ல அவருக்கு இன்னும் வாய் வரவில்லை. பரவாயில்லை. பா. முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டாள். கிழவி தலையை ஆட்டிவிட்டு, வாத்து என்ன விலை போகும் என்று சொல்ல ஆரம்பித்தாள்.