ஜோடிப் புள்ளிகள்

மார்ச் 4

என் வாலுக்கு,

அப்பா எழுதுறது. நாங்கள் நலம், உன் அம்மாவுக்கு மட்டும் என் மேல் கோபம், அது வழக்கம்.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, சலூனில் கண்ணாடிக்கு மேலே மாட்டிவிட்டேன். மின்சாரத்தைத் தடையே இல்லாமல் ஓட விடுகிற கல், அதற்குள் அணுக்கள் ஜோடி ஜோடியாக நிற்பதை உலகத்திலேயே என் மகள்தான் முதலில் பார்த்தாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறேன். சவரத்துக்குக் கழுத்தை நீட்டியவன் எங்கே ஓட முடியும்? கேட்டுத்தானே ஆகணும்!

தபால்காரர் மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்னய்யா, யார் தலைப் பொடுகை இப்படிப் பெருசாக்கி மாட்டியிருக்கே?" என்றார். அவருக்கு அன்றைக்குக் கிருதா ஒரு பக்கம் ஏறிப்போச்சு. கை தவறிடுச்சு, என்ன செய்ய?

அறிவியலில் தோற்ற
உன் அப்பா

மார்ச் 19

அன்புள்ள அப்பா,

அந்தப் படத்தைக் கழற்றிவிடுங்கள். அது பொய்.

எங்கள் கல் அடுக்கடுக்காக இருக்கும். ஒட்டு டேப்பை ஒட்டிப் பிய்த்தால் மேலடுக்கு உரிந்து, அடியில் புதுப் பரப்பு வரும். அதன்மேல் ஓர் ஊசியைத் தொடாமல் நகர்த்துவோம். இடைவெளியைத் தாண்டி வருகிற துளி மின்சாரத்தை வைத்துத்தான் படம். ஊசி முனையில் ஓர் அணு நீட்டிக்கொண்டிருந்தால் படம் சரி. இரண்டு நீட்டினால் கல்லின் ஒவ்வொரு அணுவும் படத்தில் இரண்டு முறை விழும். ஜோடி கல்லில் இல்லை அப்பா, என் ஊசியில்.

சந்தேகப்பட்டு ஊசியை மாற்றி அதே இடத்தை மறுபடி எடுத்தேன். ஜோடி போய்விட்டது. பேராசிரியரிடம் காட்டினேன். "முதல் படம் அழகா இருக்கே, ரெண்டாவதை யார் எடுக்கச் சொன்னா?" என்று சிரித்தார். எங்கள் ஆய்வுக் கட்டுரையில் முதல் படம்தான் போகிறதாம். அதில் நான் கையெழுத்துப் போடாவிட்டால் என் பட்டம் அவர் மேசையிலேயே கிடக்கும். பேசும்போது தோளைத் தட்டிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து அந்தச் சட்டையைத் துவைத்தேன்.

உங்கள் மகள்

ஏப்ரல் 2

கண்ணு,

படித்ததும் கடிதத்தை மூஞ்சிக்கு எட்டத் தள்ளி வைத்தேன். நேற்றைய சவரத் தண்ணியை முகர்ந்த மாதிரி. பெரிய மனுஷனாம்!

ஆனாலும் சொல்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்தைப் போட்டுவிடு. இத்தனை வருஷம் குளிரிலும் இருட்டிலும் கிடந்தது இதற்காகவா போகணும்? ஊரோடு ஒத்து வாழணும். என்னையே எடுத்துக்கொள். நம்ம வங்கிக்காரர் தலையில் பத்து முடி இருந்தால் அதிகம். "அடர்த்தி அப்படியே இருக்கு சார்" என்று மாதா மாதம் சொல்கிறேன். அவருக்கும் சந்தோஷம், எனக்கும் தொழில் ஓடுது. யார் குடி முழுகிப் போச்சு?

படம் இருக்கட்டும். கழற்றினால் தபால்காரர் காரணம் கேட்பார்.

நெளிவு சுளிவு தெரிந்த
அப்பா

ஜூன் 27

அப்பா,

போட்டுவிட்டேன். கட்டுரை வந்துவிட்டது. கேக் வெட்டினார்கள். என் பங்கைக் குப்பையில் போட்டேன்.

நேற்று ஒரு கடிதம் வந்தது. வேறு தேசம், வேறு ஆய்வுக்கூடம், என்னைப்போல் ஒரு மாணவி. எங்கள் கட்டுரையை நம்பி அதே கல்லைப் பார்க்கிறாளாம். ஜோடி தெரியவே இல்லையாம். எத்தனையோ ஊசி மாற்றிவிட்டாளாம். "என் கைதான் சரியில்லை போலிருக்கிறது அக்கா, நான் செய்யும் தப்பு என்ன?" என்று கேட்கிறாள். அக்கா என்கிறாள் அப்பா.

பேராசிரியரிடம் காட்டினேன். "உன் கல் தரமில்லைன்னு எழுதிப் போடு, ஓடிடுவா" என்றார். காபி குடித்துக்கொண்டே சொன்னார். என் பெயரில் போகணுமாம்.

என்ன எழுதட்டும்? நீங்களே சொல்லுங்கள்.

ஜூலை 9

என் கண்ணு,

உன் கடிதத்தை சலூனில் வைத்துத்தான் படித்தேன். வங்கிக்காரர் நாற்காலியில் இருந்தார். வழக்கம்போல் "எப்படி இருக்கு?" என்றார். நான் உன் கடிதத்தையே மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன். அவரே கண்ணாடியைப் பார்த்து, "அடர்த்தி அப்படியே இருக்கா?" என்று கண் சிமிட்டிச் சிரித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் தலை அவருக்குத் தெரியும். நான் சொல்வது பொய் என்பதும் தெரியும். அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாதே! சரியாகப் பார்க்கிற கண்ணைத் தப்பென்று நினைத்து அழுதுகொண்டிருக்கிறாளே. இதையும் அதையும் ஒன்றென்று உனக்குப் புத்தி சொன்னேனே, என்னைச் செருப்பால் அடிக்கணும். உன் பேராசிரியரை நினைத்தால் ஒரு மடங்கு அருவருப்பு. கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்த்தால் இரண்டு மடங்கு.

படத்தைக் கழற்றிவிட்டேன். நான் எதிர்பார்த்தபடியே தபால்காரர் காரணம் கேட்டார். "நீங்க சொன்னது சரிதான்யா, பொடுகுதான்" என்றேன். பாவம், சிரிக்கவில்லை. கழற்றிய சட்டத்தை எடுத்துச் சுவரோரம் பத்திரமாகச் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் பெண்ணுக்கு உள்ளது உள்ளபடி எழுது. இரண்டாவது படத்தையும் சேர்த்து அனுப்பு. உன் கை நல்ல கை என்று முதல் வரியிலேயே எழுது, அதைத்தான் அவள் முதலில் தேடுவாள். கட்டுரையை வெளியிட்டவர்களுக்கும் எழுது. பட்டம் போனால் போகட்டும். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அழுதாள், பிறகு உன் அறையைப் பெருக்கினாள்.

எனக்குப் பதில் போட அவசரமில்லை. அவளுக்கு இன்றைக்கே போடு.

உன் அப்பா