உப்புத் தண்ணீர்த் தொட்டி

குட்டிம்மா,

இன்று பண்ணையில் எனக்கும் மேனேஜருக்கும் சண்டை. மீன்குஞ்சுகளைக் கடலுக்கு அனுப்பும் நாள். ஆனால் பண்ணைக்கு வரும் ஓடைத் தண்ணீரில் அமிலம் ஏறியிருக்கிறது. "நல்லாத்தானே துள்ளுது, விட்டுடலாம்மா" என்றார். நான் பிடிவாதமாகக் கொஞ்சம் குஞ்சுகளை உப்புத் தண்ணீர்த் தொட்டியில் விட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. உப்பைத் தாங்க வேண்டிய செவுளை அமிலம் எப்போதோ கெடுத்துவிட்டது. ஓடைத் தண்ணீரில் இருக்கும்வரை பளபளவென்றுதான் இருந்தன.

நீ ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று, அப்பா அத்தனை கத்தியும் சிரித்துக்கொண்டேதான் பெட்டி கட்டினாய். இப்போது போனில் எப்போது கேட்டாலும் "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை, அப்பா வெளியே போனதும் கூப்பிடுகிறேன். "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்று மட்டும் சொல்லாதே.

உன் அம்மா