ஏன் இரண்டு முறை தவறினேன், அம்மா

என் அம்மாவுக்கு,

நான் தேறிவிட்டேன். சட்டப் படிப்புக்கான நுழைவுப் பரீட்சையில், மூன்றாவது தடவை. கடிதம் வந்து நான்கு நாளாகிறது. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் ஒன்றும் வரவில்லை. பிறகு வருமோ என்னவோ.

இனி அனுமதிப் படிவம் நிரப்ப வேண்டும். முன்பு எத்தனை முறை பரீட்சை எழுதினீர், ஏன் தேறவில்லை என்று அதில் ஒரு கேள்வி. பதிலுக்கு நான்கு கோடு விட்டிருக்கிறார்கள். கண்டியில் துணிக்கடையில் நிற்கும் அண்ணன் வேலை முடிந்து வந்து அதைப் பார்த்தான்.

"அம்மாவுக்குச் சொகமில்லன்னு எழுதிரு. மரணச் சான்றிதழையும் சேத்து வையி. எவன் கேக்கப் போறான்?"

அந்த இரண்டு வருடமும் நீ தலைவலி என்றுகூடப் படுத்ததில்லை. அது அவனுக்கும் தெரியும்.

உண்மையை உனக்கு மட்டும் சொல்கிறேன். முதல் முறை மண்டபத்தில் எனக்கு ஜன்னலோர இடம். நீ அன்று தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகாமல், கலஹாவிலிருந்து என்னோடு பஸ் ஏறி வந்து, கேட்டுக்கு வெளியே ரொட்டிப் பொட்டலத்தோடு நின்றாய். காவல்காரர் கையை வீசி உன்னை விரட்டினார். நீ நாலடி தள்ளிப் போய், அவர் திரும்பியதும் மறுபடி வந்து நின்றாய். நான் வினாத்தாளை எங்கே பார்த்தேன்? அடுத்த முறை நல்ல மழை. இருந்த ஒரு குடையை நீ என் பையில் வைத்திருந்தாய். இரண்டு முறையும் பாதிக் கேள்விகளை விட்டுவிட்டு, மணியடிக்கும் முன்பே எழுந்து வந்தேன்.

"என்னா புள்ள, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்றாய்.

"லேசா இருந்துச்சும்மா" என்றேன். நீ அதை பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டே வந்தாய்.

மூன்றாவது முறை, உன் பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை. இந்த நேரத்தில் வெளியே போகக் கூடாது என்று சித்தி மறித்தாள். "அம்மா இருந்தா கையப் புடிச்சி இழுத்துட்டுப் போயிருக்கும்" என்று அண்ணன்தான் என்னை பஸ் ஏற்றிவிட்டான். கேட்டுக்கு வெளியே யாரும் இல்லை. கடைசி மணி வரை இருந்தேன். ஒரு கேள்வி விடாமல் எழுதினேன். அழுகைகூட வரவில்லை. நீ இல்லாததால்தான் தேறினேனா அம்மா? இதை நான் யாரிடம் கேட்பது?

இன்று காலை படிவத்தை நிரப்பினேன். போதிய அளவு படிக்கவில்லை என்று எழுதினேன். சான்றிதழை அலுமாரியிலேயே விட்டுவிட்டேன். "ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருச்சி" என்று அண்ணன் கோபித்துக்கொண்டு போனான். சட்டம் படிக்கப் போகிறவள் முதல் காரியமாகப் பொய் எழுதியிருக்கிறேன்.

நேர்முகப் பரீட்சையில் எத்தனை பேர் எப்படிக் கேட்டாலும் அதையே சொல்வேன். நான் தவறியதற்கு உன்னை எங்கேயும் காரணமாகக் காட்ட மாட்டேன். அந்தப் படிவத்தில் தாயின் பெயர் என்ற இடத்தில் மட்டும்தான் நீ இருக்கிறாய்.

உன் மகள்,
புஷ்பா