நீல நூலில் ஓடும் இரண்டாம் பெல்ட்

அனுப்புநர்:
ரப்பர், பிளாஸ்டிக் கலவைப் பொடி வியாபாரி (கடைத்தெருவில் ‘நூல்காரர்’ என்றால் தெரியும்),
தற்சமயம்: அரசு மருத்துவமனை, எலும்பு முறிவுப் பிரிவு, பதினோராம் படுக்கை.

பெறுநர்:
தலைமை ஆய்வாளர் அவர்கள்,
தொழிற்சாலைகள் பாதுகாப்புத் துறை.

பொருள்: அனல்மின் நிலைய முதல் சுரங்கப்பாதையில் நிலக்கரி சுமக்கும் பெல்ட் எரிந்து மூவர் இறந்தது – அதே கலவையில் செய்த பெல்ட் இரண்டாம் சுரங்கப்பாதையில் இன்றும் ஓடுவது – உடனே நிறுத்தக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வலது தோள் எலும்பு உடைந்திருப்பதால் நான் சொல்லச் சொல்ல என் கடை எழுத்தர் எழுதுகிறார். முன்பல் இரண்டு போய்விட்டதால் சில சொற்கள் அவருக்கே பிடிபடவில்லை. எழுத்தில் பிழை இருக்கலாம். விஷயத்தில் இல்லை.

2. சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை பகல் மூன்று மணிக்கு, சுரங்கப்பாதையில் பெல்ட்டைத் தாங்கும் ஓர் உருளை சுழலாமல் இறுகிக்கொண்டது. அதன்மேல் பெல்ட் தேய்ந்து, சூடேறிப் பற்றியது. பற்றினாலும் தானே அணைய வேண்டிய பெல்ட் அது. அணையவில்லை. நெருப்பைச் சுமந்துகொண்டு சுரங்கத்தின் நானூறு அடியும் ஓடியது. உருகிய ரப்பர் ஆட்களின் முதுகில் சொட்டி, சட்டையோடு தோலையும் உரித்தது. இறந்தவர்களில் ஒருவர் என் தங்கையின் கணவர். கைக்கடிகாரத்தை வைத்து நான்தான் அடையாளம் காட்டினேன். அது எலும்போடு ஒட்டியிருந்தது.

3. தங்கள் துறையின் முதல் அறிக்கை, “தரமற்ற தீத்தடுப்புப் பொடியே காரணம்” என்கிறது. பொடி கொடுத்தவன் நான். அதைத் தேர்ந்தெடுத்தவனும் நான்தான். ஆறு வருடத்துக்கு முன் பெல்ட் கம்பெனி முதலாளி, “கொஞ்சமா போட்டா போதும்ங்கிற சரக்கா குடுங்க” என்றார். அப்படிச் சரக்கு உண்டு. குளோரின், புரோமின் கலந்தது. தீயை அடக்கும், ஆனால் அதன் புகை மூச்சை அடைக்கும். திறந்த வெளிக்குச் சரி, சுரங்கத்துக்கு ஆகாது என்று மறுத்தேன். அலுமினியம் ஹைட்ராக்சைடு கொடுத்தேன். சூடு இருநூறு டிகிரியைத் தாண்டினால் அது தனக்குள் இருக்கும் தண்ணீரைக் கக்கி நெருப்பைத் தணிக்கும். ஒரே குறை, ரப்பருக்குச் சரிபாதிக்கு மேல் அள்ளிப் போட வேண்டும்.

4. நான் சுண்ணக்கல் பொடியும் விற்கிறேன். கால்மிதி, குழாய் உறை போன்றவற்றுக்கு வெறும் பருமன் சேர்க்கும் மலிவுச் சரக்கு. நெருப்பு என்றால் அதற்கு ஒன்றும் தெரியாது. இரண்டுமே மாவு போல வெள்ளை. இரண்டையும் தொழிலாளர் ‘வெள்ளை’ என்றுதான் சொல்வார்கள், கலவைச் சீட்டிலும் அப்படியே எழுதுவார்கள். மாறிவிடக் கூடாதென்று மூட்டை வாயைத் தைக்கும் நூலில் அடையாளம் வைத்தேன். தீத்தடுப்புப் பொடிக்குச் சிவப்பு நூல், சுண்ணக்கல்லுக்கு நீலம். எனக்கு ‘நூல்காரர்’ என்ற பெயர் வந்தது இதனால்தான். பெரிய சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். பிரித்து அண்டாவில் கொட்டிய பின் நூல் எங்கே, பொடி எங்கே? பையிலேயே பெரிய எழுத்தில் பெயரை அச்சடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. அது என் குற்றம்.

5. இன்னொன்றும் என் குற்றமே. நான்கு மாதமாக அந்தக் கம்பெனி என்னிடம் சிவப்பு நூல் மூட்டை ஒன்றுகூட வாங்கவில்லை. நீலம் மட்டும் இரட்டிப்பாகப் போனது. கவனித்தேன். எதிர்க்கடைக்காரன் தீத்தடுப்புப் பொடி கொடுக்கிறான் என்று வயிறெரிந்தேனே தவிர, பெல்ட்டில் என்ன போடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

6. அறிக்கை வந்த மறுநாள் காலை கம்பெனிக்குப் போனேன். கலவை உருளை ஓட்டுபவர்கள் மூட்டை நூலை எறிவதில்லை. உருளை துடைக்க வேண்டுமென்று பந்தாகச் சுற்றிச் சேர்ப்பார்கள். மூலையில் பூசணிக்காய் அளவில் ஒரு பந்து கிடந்தது. கத்தியால் பிளந்தேன். வெளியே நான்கு விரல் தடிமனுக்கு நீலம், ஓர் இழைகூடச் சிவப்பில்லை. முன்பு சுற்றிய சிவப்பெல்லாம் உள்ளே. முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்று, “எல்லாம் வெள்ளைதானே நூல்காரரே, நெருப்பு வந்து நூலையா பாக்கப்போகுது?” என்று சிரித்தார். அடித்தேன். மூக்கெலும்பு நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. மேற்பார்வையாளர் இரும்புக் கம்பியால் என் தோளில் போட்டார். ஒற்றைக் கையால் பந்தை அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அடித்ததற்கு வழக்குப் போட்டால் போடட்டும், மறுக்கமாட்டேன்.

7. அன்று மாலை இறந்தவர்களின் உறவினர்கள் என் கடையை உடைத்தார்கள். முன்னால் வந்தவள் என் தங்கை. மூட்டையைக் கிழித்துப் பொடியை என் கண்ணில் அள்ளி வீசினாள். “நெருப்பு புடிக்காதுன்னுதானே வித்தே? அவரு மேல தூவி எழுப்பிக் காட்டுண்ணா, பாப்போம்!” என்று அலறி, எடைக்கல்லால் என் வாயில் அடித்தாள். நான் தடுக்கவில்லை. அவள் மேல் காவல் நிலையம் தானாகப் பதிந்துள்ள வழக்கைக் கைவிடும்படி தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். அடிபட்டவன் நான். எனக்குப் புகார் இல்லை.

8. இப்போது இந்த மனுவின் காரணத்துக்கு வருகிறேன். தாங்கள் என் கடைக்குப் பூட்டுப் போட்டீர்கள். பெல்ட்டுக்குப் போடவில்லை. எரிந்ததைச் செய்த அதே நான்கு மாதத்தில் செய்த இன்னொரு பெல்ட் சுருள் இரண்டாம் சுரங்கத்தில் நிலக்கரி இழுக்கிறது. ஒரு ஷிப்டுக்கு இருபத்தாறு பேர் கீழே இருக்கிறார்கள். அவர்களில் என் தங்கையின் கொழுந்தனும் ஒருவர். உள்ளே போகாதே என்று ஆள் அனுப்பினேன். “எங்க அண்ணனைக் கொன்னவரு எனக்குப் புத்தி சொல்றாரா?” என்று திருப்பி அனுப்பிவிட்டார். நான் சொன்னால் இனி யாரும் கேட்கமாட்டார்கள். தாங்கள் சொன்னால் இயந்திரம் நிற்கும்.

9. ஆதாரமாக நூல் பந்தையும், அன்று பந்தைப் பிளக்குமுன் கம்பெனிக் கழிவுக் குவியலில் எடுத்து மடியில் கட்டிக்கொண்ட இரண்டு பெல்ட் துண்டுகளையும் இணைத்துள்ளேன். சிவப்பு நூல் கட்டியது போன வருடச் சரக்கு. நீல நூல் கட்டியது இரண்டாம் சுரங்கத்துக்குப் போன சுருளின் ஓரம், சுருள் எண் அதிலேயே இருக்கிறது. அலமாரியில் வைத்துவிட வேண்டாம். முற்றத்துக்கு எடுத்துப்போய் இரண்டையும் கொளுத்திப் பாருங்கள். தீக்குச்சியை எடுத்ததும் சிவப்பு அணைந்துவிடும். நீலத்தைக் கொளுத்துமுன் ஒரு வாளி மணலைக் கையருகே வைத்துக்கொள்ளுங்கள், ஊழியர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

10. அதற்கு இரண்டு நிமிடம் போதும். அடுத்த ஷிப்ட் ஆட்கள் பகல் இரண்டு மணிக்கு இறங்குகிறார்கள். இந்த மனு தங்கள் மேசைக்குப் பத்து மணிக்குள் வந்துவிடும். என் கடை பூட்டியே கிடக்கட்டும், சாவி தங்களிடமே இருக்கட்டும். அந்தப் பெல்ட்டை மட்டும் இரண்டு மணிக்கு முன் நிறுத்திவிடும்படி, உடைந்த வாயால் இரந்து கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மருத்துவமனை
நாள்: தீ விபத்து நடந்த ஒன்பதாம் நாள், காலை

இப்படிக்கு,
(இடது கையால் கையொப்பம்)
‘நூல்காரர்’

இணைப்பு: பிளந்த நூல் பந்து – 1, பெல்ட் துண்டு – 2, தீப்பெட்டி – 1.