முதல் புள்ளி வரை

மே 19, திங்கள்

என் பேரை அழித்துவிட்டான். என் தம்பி பிச்சைமணி, குற்றாலத்தில் எங்கள் இருவருக்கும் பாத்தியப்பட்ட லாட்ஜில், நான் என் கையால் அமைத்த கணினியில் இருந்து என் பேரை அழித்துவிட்டான். முதல் வரியாகவே எழுதி வைக்கிறேன். பின்னால் ஒருத்தரும் ‘அப்படி ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொல்லக் கூடாது.

நடந்தது இது. அந்தக் கணினியின் பேரே என் பேர்தான். கறுப்புத் திரையைத் திறந்தால், கட்டளை அடிக்கும் இடத்துக்கு முன்னால் office@arumuganainar என்று நிற்கும். இனிஷியல் இல்லாமல். அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இனிஷியல் இல்லாத பேர் தகப்பன் இல்லாத பேர். வடகரைக் கல்யாணத்துக்குக் கிளம்புமுன், அப்பா சங்கரலிங்கத்தின் எழுத்தைச் சேர்த்து s.arumuganainar என்று மாற்றினேன். உன் பேர் என்ன என்று கணினியிடமே கேட்டேன்; முழுசாகச் சொன்னது. திரையில் பழைய வரிதான் நின்றது. அது அடுத்த முறை திறக்கும்போது மாறும், எனக்குத் தெரியும். மூடிவிட்டுப் போனேன்.

இன்று வந்து திறக்கிறேன்: office@s

அவ்வளவுதான். எஸ். நான் எங்கே?

பிச்சைமணியைக் கூப்பிட்டேன். “நான் இல்லாதப்ப இதுல உக்காந்தது யாருலே?”

“பிரிண்டர் ரிப்பேருக்கு மகாராஜா வந்தாம்ணே. நான் பக்கத்துலயேதான் நின்னேன்.”

“அப்பொ என் பேரு எங்க?”

குனிந்து திரையைப் பார்த்தான். சிரித்தான். “எஸ்ஸுன்னு நல்லாத்தானண்ணே இருக்கு.”

நல்லாத்தான் இருக்காம்.

மே 20

தூக்கமில்லை. போன வருஷம் போர்டுக்குப் பெயிண்ட் அடித்தபோதும் இதே கதைதான். பழைய போர்டில் இரண்டு பேர் பேரும் இருந்தது. புதுசில் ‘உரிமையாளர்: ச. பிச்சைமணி மற்றும் சகோதரர்’. சகோதரர் என்பது ஒரு பேரா? ரோட்டில் போகிறவனெல்லாம் சகோதரர்தான். கேட்டதற்கு, “பெயிண்டர் இடம் பத்தாதுன்னுட்டாம்ணே. உங்க பேரு நீளம்லா” என்றான். அருவிப் படம் வரைய மட்டும் இடம் இருந்தது. பாதி போர்டை அருவி அடைத்துக்கொண்டிருக்கிறது, அதில் கோமணத்தோடு குளிக்கிற ஒருத்தன் வேறு. அவனுக்கு இடம் உண்டு. எனக்கு இல்லை.

அன்று பொறுத்தேன். அதுதான் இன்று கணினி வரைக்கும் வந்திருக்கிறது.

மே 21

என் மனைவி முத்துவடிவு சொல்கிறாள்: “மெஷின்ல இல்லன்னா என்ன, ரேஷன் கார்டுல இருக்குல்லா உங்க பேரு?”

இவளுக்கு எப்படிச் சொல்வது? மகள் அபர்ணாவுக்குப் பள்ளியில் கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக இந்த லினக்ஸ் இருந்தது. ஊரெல்லாம் அதை அழித்துவிட்டு வேறு ஏற்றினார்கள். நான் ஒருத்தன்தான் அழிக்கவிடவில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரி வரியாக நானே படித்தேன். ஒரு வாத்தியார் கிடையாது. தப்பாக அடித்தால் முகத்துக்கு நேரே திட்டும். மனுஷனைப் போல முதுகுக்குப் பின்னால் பேசாது. அதனால்தான் லாட்ஜ் கணினியிலும் அதையே ஏற்றி, அதற்கு என் பேரை வைத்தேன். வாழ்க்கையில் நான் பேர் வைத்த பொருள் அது ஒன்றுதான். மகளுக்குக்கூட மாமியார்தான் வைத்தார்கள்.

மே 22

லாட்ஜுக்குப் போகவில்லை. கணினியை யாரும் தொடக் கூடாது என்று நேற்றே காகிதம் எழுதித் திரைமேல் ஒட்டிவிட்டு வந்தேன். அது சாட்சி. சாட்சியைக் கலைக்கக் கூடாது, நானும் தொடவில்லை.

மே 24, சனி

துல்கர்னைன் பாயைப் பார்த்தேன். லாட்ஜுக்கு எதிரே துண்டும் எண்ணெயும் விற்கிறார். எங்கள் அப்பா காலத்துப் பழக்கம். அவர் சொன்னால் இரண்டு பேரும் கேட்போம்.

“பாகம் பிரிக்கணும் பாய். கீழ்த்தளம் அவனுக்கு, மாடி எனக்கு. மாடிப்படிக்கு நடுவுல சுவர். வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு வந்து பேசி முடிச்சுக் குடுங்க.”

“படிக்கு நடுவுல சுவரு வச்சா, அண்ணாச்சி, குளிச்சிட்டு ஈரத்தோட வாறவன் எந்தப் பக்கமா ஏறுவான்?”

“அது அவன் பாடு.”

“சரி, என்ன தகராறு? மனுசன் ஒருத்தன்ட்ட கேட்டாச் சொல்லணும்லா.”

சொன்னேன். “ஒரு எழுத்துக்கா?” என்றார்.

ஒரு எழுத்து இருக்கிறது பாய். மீதி எழுத்தெல்லாம் போனதற்கு.

மே 27

சாரல் விழத் தொடங்கிவிட்டது. ரூம் கேட்டு லாட்ஜுக்குப் போன் வந்தபடி இருக்கிறதாம். கணினியில் பதிவு பண்ணத் தெரிந்தவன் நான் ஒருத்தன். பிச்சைமணி துண்டுச் சீட்டில் எழுதி, ஒரே ரூமை மதுரைக்காரர் குடும்பத்துக்கும் சாத்தூர்க்காரர் குடும்பத்துக்கும் கொடுத்திருக்கிறான். இரண்டு குடும்பமும் பெட்டியோடு வாசலில் நின்று சண்டை போட்டிருக்கிறார்கள். நன்றாகப் போடட்டும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை. நானும் உட்காரச் சொல்லவில்லை.

“சீசன் முடியட்டும்ணே. பொறவு நீங்க சொல்லுத மாதிரி பிரிச்சுக்கிடுவோம். இப்ப வந்து அந்தக் கம்ப்யூட்டரத் தெறந்து குடுங்க.”

“பேரில்லாதவனுக்கு சீசன் எதுக்குலே?”

“நான் தொடலன்னு சொல்லுதேன்லா. அப்பா மேல சத்தியமா.”

“அப்பாவ இழுக்காத. திரையில அவரு ஒருத்தருதான் மிச்சம்.”

போய்விட்டான். முத்துவடிவு என்னோடு பேசுவதில்லை. காப்பியை டக்கென்று வைக்கிறாள், சிந்துகிறது.

மே 30, வெள்ளி

நாளை மறுநாள் பாய் வருகிறார். சாட்சியைத் தயார் பண்ண லாட்ஜுக்குப் போனேன். என் பேர் அழிந்ததை வரிசையாகக் காட்ட வேண்டும் அல்லவா? கேள்வி, பதில், இரண்டும் திரையில் இருக்கட்டும் என்று கணினியிடம் பேரைக் கேட்டேன். hostname என்று அடித்தேன்.

s.arumuganainar

முழுசாக! அதற்கு நேர் கீழேயே மறுபடி office@s. உள்ளே தெரிகிறது, வெளியே சொல்ல மாட்டேன் என்கிறது. எங்கள் சொந்தக்காரர்களைப் போல.

யார் தின்றது? கையேட்டைத் திறந்தேன். கட்டளைக்கு முன்னால் நிற்கிற அந்த முன்வரி எப்படி எழுதப்படுகிறது என்று ஒரு பகுதி உண்டு. எத்தனை தடவை தாண்டிப் போயிருப்பேன். சின்ன h போட்டால் கணினியின் பேர், முதல் புள்ளி வரை. பெரிய H போட்டால் முழுப் பேர்.

முதல் புள்ளி வரை.

எந்த ஊர்க்காரன் எழுதினான் இதை? புள்ளிக்கு முன்னால் நிற்பவன்தான் ஆள், பின்னால் வருவது அவன் குடும்பம் என்று நினைத்திருக்கிறான். அவன் ஊரில் அப்படி இருக்கலாம். இங்கே புள்ளிக்கு முன்னால் தகப்பன், பின்னால்தான் பிள்ளை. தென்காசியில் ஒருத்தனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். கேட்கவில்லை. அது அவன் தப்பு.

புள்ளி வைத்தது நான்தான். ஆமாம். இனிஷியலுக்குப் புள்ளி வைக்காமல் பின்னே எதை வைப்பார்கள்?

அமைப்புக் கோப்பில் முன்வரிக்கென்று சின்ன h வந்த இடத்தில் எல்லாம் பெரிய H போட்டேன். மூடித் திறந்தேன். office@s.arumuganainar. வந்துவிட்டேன்.

பிச்சைமணி அழிக்கவில்லை. சரி, அழிக்கவில்லை. போர்டு? அதையும் புள்ளியா தின்றது?

மே 31

காலையிலேயே போய் உட்கார்ந்தேன். துண்டுச் சீட்டுகளை வாங்கிப் பதிய வேண்டும், அதற்காக. பிச்சைமணி பின்னால் வந்து நின்றான்.

“பேரு வந்துட்டாண்ணே?”

“வந்துட்டு.”

“எப்படிப் போச்சாம்?”

“அது பெரிய விஷயம். உனக்குப் புரியாது.”

எட்டிப் பார்த்தான். முகம் என்னவோ மாதிரி ஆகிவிட்டது. “அப்ப அந்த எஸ்ஸு?”

“முன்னால இருக்கு பாரு. எங்கயும் போகல.”

“அதுக்கில்லண்ணே. தனியா இருந்துதுல்லா. நீங்கதான் உங்க பேர எடுத்துட்டு அப்பாவ மட்டும் வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். நம்ம ரெண்டு பேருக்கும் பொதுவா. மகாராஜாகிட்டகூடச் சொன்னேன், எங்க அண்ணன் மனசப் பாருன்னு. அதான் நல்லாருக்குன்னு சொன்னேன். நீங்க அதுக்குப் போயி அந்தக் குதி குதிச்சீங்க.”

“சாத்தூர்க்காரங்களுக்கு எந்த ரூம் குடுத்த?” என்று கேட்டேன்.

மன்னிப்பெல்லாம் கேட்க முடியாது. போர்டு இன்னும் அப்படியேதான் தொங்குகிறது.

ஜூன் 1, ஞாயிறு

முழுப் பேர் திரையில் வரிக்கு வரி நின்று அடைத்துக்கொள்கிறது. கொஞ்சம் நீளமான கட்டளை அடித்தால் மடங்கி அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. வேலை செய்ய இடம் பத்தவில்லை. அதனால் பெரிய H எல்லாவற்றையும் மறுபடி சின்ன h ஆக்கிவிட்டேன். இடம் பத்தாததுதான் காரணம். வேறு காரணம் இல்லை.

இனி நடக்க வேண்டியவை:

துல்கர்னைன் பாய் இன்று வருவார். வரட்டும். பாகம், சுவர் என்று வாயெடுக்கக் கூடாது. டீ குடித்துவிட்டுக் கடைக்குப் போக வேண்டும். ‘ஒரு எழுத்துக்கா’ என்று இன்னொரு தடவை கேட்டால் எழுந்து வந்துவிடுவேன்.

முத்துவடிவு காப்பியை மெதுவாக வைக்க வேண்டும்.

பிச்சைமணி பெயிண்டரைக் கூட்டிவர வேண்டும், சீசன் முடிகிற வரை காத்திருக்கக் கூடாது. ‘சகோதரர்’ அழிய வேண்டும். மேலே ஒரே ஒரு ச., பெரிதாக. இனிஷியலை இரண்டு தடவை எழுதத் தேவையில்லை, தகப்பன் ஒருத்தர்தான். அதன் கீழே நான், எனக்குக் கீழே அவன். இடம் இல்லை என்றால் கோமணக்காரனை அழிக்கட்டும்.

மகாராஜா திரும்ப வர வேண்டும். பிரிண்டர் இன்னும் மை அப்புகிறது. பிச்சைமணி அவனிடம் என்னைப் பற்றி என்ன சொன்னானோ அது அப்படியே இருக்கட்டும். யாரும் போய்த் திருத்த வேண்டாம்.

கணினியில் office@s. அதை யாரும் தொடக் கூடாது. நானும்தான்.